ஐந்து சோபாக்களில் ஆக்லாந்து

ஆக்லாந்துக்கு வந்த எத்தனையோ பேருக்கு நான் ஊர் சுற்றிக் காட்டியிருக்கிறேன். அவர்களில் ஒரே ஒருவர்தான் ஆக்லாந்தைப் பார்க்காமலே திரும்பிப் போனார். அவர் என் கூடப் பிறந்த அக்கா. (கூட வந்த அத்தானையும் எண்ணினால் இருவர்.)

இதை நானே முதலில் ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. இல்லாவிட்டால் எங்கள் குடும்பத்தில் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொன்னால் உப்பும் புளியும் சேரும், நான் இப்போதைவிட இன்னும் பெரிய முட்டாளாகத் தெரிவேன். (அதற்கு அதிக இடம் இல்லை என்பது என் மனைவியின் கருத்து.)

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நானும் வசந்தியும் லின்ஃபீல்டில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். பிள்ளைகள் இன்னும் பிறக்கவில்லை. அக்காவும் அத்தானும் ரொறன்ரோவில். இலங்கையில் நடந்த சண்டை எங்களைத் திசைக்கு ஒருவராக எறிந்த பிறகு அக்காவை நான் பதினொரு வருடமாகப் பார்க்கவில்லை. கடிதமும், ஞாயிற்றுக்கிழமை டெலிபோனும்தான். அப்படி இருக்கும்போது அத்தான் வேலை செய்த கம்பனியில் வருட முடிவுக் குலுக்கலில் அவருக்குப் பரிசு விழுந்தது. சாதாரணமாக எங்கள் ஆட்களுக்கு விழுந்தால் சட்டி பானை விழும். அத்தானுக்குக் கப்பல் பயணம் விழுந்தது. சிட்னியில் ஏறி, நியூசிலாந்து தொட்டு, பசிபிக் தீவுகளைச் சுற்றிவரும் உல்லாசக் கப்பல். எங்கள் குடும்பத்தில் அதற்கு முன் கப்பல் ஏறியவர் எவரும் இல்லை. (இராமேஸ்வரம் போகிற தலைமன்னார்க் கப்பலைக் கணக்கில் எடுக்கக் கூடாது. அதில் உல்லாசம் கிடையாது, வாந்திதான்.)

கப்பல் ஆக்லாந்தில் ஒரே ஒரு பகல் நிற்கும். காலை எட்டுக்கு வரும், மாலை ஐந்துக்குப் போகும். அந்த ஒன்பது மணி நேரத்தில் இறங்கி என்னென்ன பார்க்கலாம் என்று பட்டியல் போட்டு ஒரு கைநூல் கொடுத்திருந்தார்களாம். படகுச் சவாரி, எரிமலைக் குன்று, திராட்சைத் தோட்டம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். பிடித்த நம்பரை முன்கூட்டியே தெரிவு செய்து பெயர் கொடுத்துவிட்டால் துறைமுகத்தில் பஸ் காத்திருக்கும். ஷோர் எக்ஸ்கர்ஷன் என்று அதற்குப் பெயர். அத்தான் அந்தக் கைநூலைச் சோதனைக்குப் படிக்கிற மாதிரிக் கோடு போட்டுப் படித்து முடித்திருந்தார். கடைசியில் முடிவெடுக்கிற பொறுப்பு அக்காவிடம் போக, அக்கா எனக்கு போன் எடுத்தார்.

"தம்பி, பத்தாம் நம்பரிலை கறுப்பு மணல் கடற்கரை எண்டு போட்டிருக்கு. நீ கடிதத்திலை எழுதுவாயே, அதுவோ?"

அதேதான். நான் இங்கே வந்த முதல் வருடம், வசந்தி வந்து சேர்வதற்கு முன், ஞாயிற்றுக்கிழமைகளில் யாருடைய காரிலாவது தொற்றிக்கொண்டு அந்தக் கடற்கரைக்குப் போவேன். மணல் கரிபோல இருக்கும், வெயில் பட்டால் மினுங்கும், வெறுங்காலை வைத்தால் சுடும். அங்கே இருந்துகொண்டு அக்காவுக்குப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அக்கா அந்தக் கடிதங்களை ஒன்று விடாமல் வைத்திருந்தார்.

"அதுதான் அக்கா. ஆனா அதுக்கு ஏன் கப்பல்காரன்ர பஸ்? நான் கூட்டிக்கொண்டு போறன்."

"அப்ப பேர் குடுக்காமல் விடுறன். வேறை ஒண்டும் எனக்குப் பாக்க வேண்டாம். நீயும் நானும் அதிலை கொஞ்ச நேரம் இருந்து கதைச்சாக் காணும்."

போனை வைத்தபோது எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. ஐந்து நிமிடம் கழித்து, பஸ்ஸுக்கே பேர் குடுங்கோ என்று திருப்பிச் சொல்லலாமா என்று யோசித்தேன். அவருக்கு அது மட்டும் போதுமாம்; அந்த "இருந்து கதைச்சாக் காணும்" என்பதில்தான் எனக்குச் சிக்கல்.

நான் ஒரு சிவில் என்ஜினியர். அதாவது, இலங்கையில். என்னை என்ஜினியர் ஆக்கியது அக்கா என்றே சொல்லலாம். அம்மா காலமான பிறகு, விடிய நாலு மணிக்குத் தேத்தண்ணியோடு எழுப்பி, நான் மேசையில் தலை சாயாமல் எதிரே இருந்து காவல் காத்தவர் அவர். நியூசிலாந்துக்காரர்கள் என் சான்றிதழ்களை மரியாதையோடு பார்த்தார்கள், உள்ளூர் அனுபவம் உண்டா என்று கேட்டார்கள், மரியாதையோடு திருப்பித் தந்தார்கள். கடைசியில் ஹென்டர்சனில் அலுமினிய யன்னல் செய்கிற ஒரு பாக்டரியில் சட்டம் வெட்டுகிற வேலைக்குச் சேர்ந்தேன். அக்காவுக்கு எழுதியபோது "கட்டுமானத் துறையில் இருக்கிறேன்" என்று எழுதினேன். அதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை. யன்னல் இல்லாமல் வீடு இல்லை, வீடு கட்டுமானம்தான். ஆனால் கடிதம் ரொறன்ரோ போய்ச் சேர்ந்ததும் அக்கா அதை ஊரெல்லாம் இப்படிச் சொல்லியிருக்கிறார்: என்ர தம்பி நியூசிலாந்திலை பாலம் கட்டுறான்.

இந்த நிலையில் அக்காவோடு ஆளில்லாத கடற்கரையில் தனியே இருந்து கதைப்பது என்றால் எப்படி? என் முகத்தை அரை மணி நேரம் பார்த்தால் அவருக்கு எல்லாம் தெரிந்துவிடும். சின்ன வயதில் நான் களவாகச் சீனி தின்றால் மூச்சை வைத்தே கண்டுபிடித்தவர்.

அதனால் ஒரு நேர அட்டவணை போட்டேன். (வேலை கிடைக்காத என்ஜினியருக்கு அட்டவணை போடுவதில் ஒரு தனி இன்பம்.) எட்டரைக்கு எங்கள் வீடு, காலைச் சாப்பாடு. பத்துக்கு ராசன் அண்ணை வீடு. பன்னிரண்டுக்கு ஹென்டர்சனில் சிவம் வீடு. ஒன்றரைக்குக் கடற்கரை. மூன்றரைக்குத் திரும்பிக் கப்பல்.

வசந்தி அட்டவணையைப் பார்த்துவிட்டு, ஒரு நாள் வருகிற மனுசியை ஏன் மூன்று வீட்டுக்கு இழுக்க வேண்டும் என்று கேட்டார். நான் ஒரு பிரசங்கமே செய்தேன். ராசன் அண்ணை வீட்டில்தான் முதல் நாலு மாதம் தங்கியிருந்தேன், அவர் வீட்டு வாசலைத் தாண்டி அக்காவைக் கூட்டிப்போனால் பிறகு அவர் முகத்தில் எப்படி முழிப்பது? சிவம் கடற்கரைக்குப் போகிற வழியில் இருக்கிறான், என்னோடு வேலை செய்கிறவன், அவன் வீட்டைத் தாண்டிப் போவது மட்டும் நியாயமா? இதற்குப் பதில் சொல்ல எந்தத் தமிழராலும் முடியாது, வசந்தியாலும் முடியவில்லை. ஒரு வீட்டுக்குப் போனால் அடுத்த வீடு கோபிக்கும் என்பது எங்களுக்குப் புவியீர்ப்பு மாதிரி ஒரு விதி. அந்த விதிக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன் என்பது எனக்குத் தெரியும். வசந்திக்கும் தெரிந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

அன்று காலை துறைமுகத்தில் கப்பல் ஒரு தெரு அளவுக்கு நின்றது. கீழே பஸ்கள் வரிசையாக, ஒவ்வொன்றின் முன்கண்ணாடியிலும் ஒரு நம்பர். சனங்கள் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக இறங்கி வந்தார்கள். அந்தக் கூட்டத்தில் பட்டுச் சேலையும் காலில் சப்பாத்துமாக ஒருவர் வந்தால் அது யாராக இருக்கும்? தலை நரைத்திருந்தது. என் நினைவில் இருந்ததைவிடக் கட்டையாகி இருந்தார். ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தேன். அக்கா அழவில்லை. என் முகத்தைப் பிடித்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார், தேங்காய் வாங்குகிறவர் மாதிரி. பிறகு மெலிஞ்சு போனாய் என்றார். அந்த நேரம் பத்தாம் நம்பர் பஸ் எங்களைத் தாண்டிப் போனது. அக்கா அதைத் திரும்பிப் பார்த்ததை நானும் பார்த்தேன்.

காரில் ஏறியதும் தூரத்தில் தெரிந்த துறைமுகப் பாலத்தைக் காட்டி, "இது நீ கட்டினதோ?" என்று கேட்டார்.

நான் பிறக்க முந்தியே அதைக் கட்டிவிட்டார்கள் என்றேன். நல்ல காலம், அது உண்மை. அக்கா பாலம் மறையும்வரை பார்த்துக்கொண்டு வந்தார். வசந்தி யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எங்கள் வீட்டில் இடியப்பம், சொதி, சம்பல், முட்டைப் பொரியல். அக்காவும் அத்தானும் கப்பலில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருந்தார்கள். இருந்தாலும் தம்பி வீட்டில் கை நனைக்காமல் முடியுமா? நனைத்தார்கள். அத்தான் புதிதாக வாங்கிய கேமராவால் எங்களைச் சோபாவில் இருத்திப் படம் எடுத்தார். அக்கா குசினிக்குள் வந்து அலுமாரிகளைத் திறந்து பார்த்தார், டப்பாக்களைத் தூக்கிப் பார்த்தார், பிறகு கதவில் சாய்ந்துகொண்டு, "அப்ப சொல்லு" என்றார். எனக்கு உடனே நேரம் நினைவு வந்தது. ராசன் அண்ணை பார்த்துக்கொண்டிருப்பார் என்று சொல்லிக் காரின் சாவியைத் தேடப் போனேன். சாவி என் கையில்தான் இருந்தது.

ராசன் அண்ணை வீடு எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி. ஒரு தேத்தண்ணி மட்டும் என்று சொல்லியிருந்தேன். போனால் மேசையில் வடை, கேசரி, கட்லட், றோல்ஸ். அண்ணையின் மனைவி அக்காவை உட்காரவைத்து, எந்த இடம், எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டு, பத்தே நிமிடத்தில் ஒரு சொந்தத்தைக் கண்டுபிடித்துவிட்டார். பிறகு அக்காவின் கையைப் பிடித்தவர் விடவில்லை. அவருடைய தங்கை ஜெர்மனியில். பார்த்து ஒன்பது வருடம். உங்களைப் பார்க்க அவளைப் பார்த்த மாதிரி இருக்கு என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார். அந்தக் கைக்குள் இருந்து கையை எடுத்துக்கொண்டு, நேரமாச்சு, கடற்கரைக்குப் போக வேண்டும் என்று எந்த மனுசிதான் எழும்புவார்? அக்கா எழும்பவில்லை. மூன்றாவது வடையையும் சாப்பிட்டார்.

வெளியே வந்தால், எதிர்வீட்டுப் பவானி வாசல் படலையில் நிற்கிறார். அவர் அட்டவணையில் இல்லை. ஆனால் எங்கள் கார் முக்கால் மணி நேரமாக அவர் கண்ணுக்கு எதிரே நின்றிருக்கிறது. இனி எதைச் சொல்லித் தப்புவது? உள்ளே போனோம். பால் கோப்பி, முறுக்கு, ஒரு பெரிய தட்டில் பாயசம். (ஆம், தட்டில்தான். கோப்பை என்றால் கொஞ்சமாக வாங்கிக்கொள்வார்களாம்.) அத்தான் சோபாவில் இருந்தபடி கைநூலை மடியில் விரித்து, கைக்கடிகாரத்தையும் பார்த்து, இப்ப பத்தாம் நம்பர் ஆக்கள் மழைக்காட்டுக்குள்ளை நடக்கினம் என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் மாதிரிச் சொன்னார். எனக்கு அதுதான் கூடுதலாகச் சுட்டது.

அன்று நாங்கள் காரில் போனோம், எங்களுக்கு முன்னால் செய்தி டெலிபோனில் போனது. ஒரு வீட்டை விட்டு வெளிக்கிட்டதும் அவர்கள் அடுத்த வீட்டுக்கு எடுத்து, வெளிக்கிட்டிட்டினம், இஞ்ச வடை சாப்பிட்டவை, நீங்கள் வேறை என்னவும் செய்யுங்கோ என்று அறிவித்தார்கள். அதனால் ஹென்டர்சனில் சிவம் வீட்டில் வடை இல்லை. சோறும் ஆட்டுக்கறியும் இருந்தன.

சிவத்திடம் நான் முதல் நாளே சொல்லி வைத்திருந்தேன், அக்காவுக்கு முன்னால் பாக்டரிக் கதை எடுக்காதே என்று. சிவம் நல்லவன். நல்லவர்களிடம் ஒரு ரகசியத்தைக் கொடுத்தால் அதைக் காப்பாற்றுகிறேன் என்று மண்வெட்டியோடு கிளம்பிவிடுவார்கள். அக்காவுக்குக் கறி ஊற்றிக்கொண்டே ஆரம்பித்தான்.

"அக்கா, உங்கட தம்பி கையெழுத்துப் போடாமல் எங்கட இடத்திலை ஒரு யன்னல் வெளிய போகாது. அவர்தான் பெரிய என்ஜினியர்."

"யன்னலோ?" என்றார் அக்கா. "பாலமெண்டெல்லோ நான் நினைச்சன்."

சிவம் ஒரு விநாடி என்னைப் பார்த்தான். பிறகு துணிந்து சொன்னான். "பாலத்துக்கும் யன்னல் வேணுந்தானே அக்கா."

ஒருவரும் சிரிக்கவில்லை. அத்தான் எலும்பை மிகக் கவனமாகச் சப்பினார். அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கைகளைப் பார்த்தார். அலுமினியம் வெட்டுகிறவனின் கை எப்படி இருக்கும்? விரலெல்லாம் மெல்லிய கீறல், சிலது ஆறி, சிலது ஆறாமல், பெருவிரலில் ஒரு பிளாஸ்டர். ஆட்டுக்கறிக் குழம்பு பட்டு அது எரிந்துகொண்டுதான் இருந்தது. நான் கையைத் தட்டுக்குக் கீழே இழுத்துக்கொண்டேன். அக்கா இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவருக்குப் பசி இருந்திருக்க வழியே இல்லை.

சாப்பிட்டுக் கை கழுவும்போது மணி ஒன்று நாற்பது. அப்போதே வெளிக்கிட்டால் இரண்டரைக்குள் கடற்கரை. அரை மணி நேரம் இருக்கலாம், ஓடி வந்தால் கப்பலைப் பிடிக்கலாம். அட்டவணை இன்னும் சாகவில்லை. அந்த நேரம் சிவம் வீட்டு டெலிபோன் அடித்தது. வசந்தியோடு வேலை செய்கிற மீனா, எப்சமில் இருந்து. கோயம்புத்தூர்க்காரர். நாங்கள் எந்த வீட்டில் இருக்கிறோம் என்பதை வீடு வீடாக விசாரித்துப் பிடித்துவிட்டார்.

"வசந்தி, அண்ணி வர்றாங்கன்னு அரை நாள் லீவு போட்டுச் சமைச்சு வெச்சிருக்கேன். இந்தப் பக்கம் வராம கப்பல் ஏத்திடாதீங்க."

எப்சம் கிழக்கே, கடற்கரை மேற்கே. இரண்டுக்கும் நேரம் இல்லை. வசந்தி டெலிபோனின் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். அக்காவும் பார்த்தார். என்ன செய்வோம் அக்கா என்று கேட்டேன், பெருந்தன்மையாக. உனக்கு எது சரியெண்டு படுதோ அதைச் செய் என்றார்.

எனக்கு எது சரி என்று பட்டதோ அது என் நெஞ்சுக்குத் தெரியும். ஆனால் கடற்கரையில் வடையும் இல்லை, சிவமும் இல்லை. அக்காவும் நானும் என் கைகளும்தான். பாவம், அந்தப் பிள்ளை லீவு போட்டிருக்கு, எப்சமுக்குப் போவம் என்றேன். சொன்னதும் எனக்கு உடம்பெல்லாம் ஒரு நிம்மதி பரவியது. அந்த நிம்மதிக்காக நான் இன்றுவரை வெட்கப்படுகிறேன். மற்றதெல்லாம் மடத்தனம், அது மட்டும் கோழைத்தனம்.

எப்சமில் மீனாவும் அவர் கணவர் பாலுவும் வாசலிலேயே காத்திருந்தார்கள். பாலு உபசாரத்துக்கு ஒரு கேள்வி கேட்டார், எங்க ஊரு எப்படிங்க இருக்கு, என்னென்ன பார்த்தீங்க என்று. அத்தான் தான் உட்கார்ந்திருந்த இடத்தை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, சோபா எல்லாம் நல்ல மெத்தெண்டு இருக்கு என்றார். பாலு அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு, எந்தக் கடையில் வாங்கினார் என்று விளக்கினார். நாங்கள் இரண்டாவது முறையாகச் சோறு சாப்பிட்டோம். சாம்பார், பொரியல், அப்பளம். அக்கா நெற்றி வியர்க்க வியர்க்கச் சாப்பிட்டார்.

நாலரைக்குள் எல்லோரும் கப்பல் ஏறியிருக்க வேண்டும். நாலேகாலுக்குத் துறைமுகம் வந்து சேர்ந்தோம். கால் மணி நேரம் இருக்கிறதே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். ஆனால் எங்களிடம் ஐந்து ஐஸ்கிரீம் டப்பாக்கள் இருந்தன.

வெறும் வயிற்றோடு அனுப்பக் கூடாது என்பது முதல் விதி என்றால், வெறும் கையோடு அனுப்பக் கூடாது என்பது இரண்டாவது. ஐந்து வீட்டிலும் ஒவ்வொரு டப்பா கட்டித் தந்திருந்தார்கள், வழியில் பசித்தால் சாப்பிட. (நாலு மாடிச் சாப்பாட்டு மண்டபம் உள்ள கப்பலில்.) கப்பல் வாசலில் மேசை போட்டுப் பைகளைச் சோதித்துக்கொண்டிருந்த பெண், பையைத் திறக்கச் சொன்னார். ஐந்து டப்பாக்களும் வரிசையாக மேசைக்கு வந்தன. மூடியைத் திறந்ததும் ஆட்டுக்கறி வாசம் துறைமுகம் முழுவதும் பரவியது. பின்னால் நூறு பேர் வரிசையில். கரைச் சாப்பாடு கப்பலுக்குள் போகக் கூடாது என்று அவர் சொன்னார். அக்கா பேசாமல் விட்டிருப்பார். நான் விடவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு ஆங்கிலம் ஒரே மூச்சில் பேசியதில்லை. இது உளுந்து, கெடாது. இது அரிசிமா, எண்ணெயில் பொரித்தது. இது கறி, ஆனால் நன்றாகக் கொதித்தது. இதைச் செய்தவர் தங்கையை ஒன்பது வருடமாகப் பார்க்கவில்லை. கடைசியாகச் சொன்னதற்கும் கப்பல் சட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று அந்தப் பெண்ணுக்கு விளங்கவில்லை. அக்காவோடு எனக்கு மிஞ்சியிருந்த கால் மணி நேரத்தில் பத்து நிமிடத்தை நான் முறுக்குக்காக வாதாடிச் செலவழித்தேன்.

பக்கத்து வரிசையில் நின்றவர்கள் பத்தாம் நம்பர் பஸ்காரர்கள். மூக்கெல்லாம் வெயிலில் சிவந்து, கால்சட்டை முழங்கால்வரை நனைந்து. ஒரு வெள்ளைக்கார அம்மா சப்பாத்தைக் கழற்றிக் கவிழ்த்தார். ஒரு பிடி கறுப்பு மணல் துறைமுகத்துச் சீமெந்தில் விழுந்தது. அவர் உள்ளே போன பிறகு அக்கா மெல்லத் தன் சப்பாத்தைக் கழற்றி, ஒரு பாதத்தை அந்த மணலில் வைத்தார். முழுப் பாதத்துக்கும் அது போதவில்லை. விரல்கள் மட்டும் பட்டன. அப்படியே நின்றபடி என் கையை எடுத்து, பெருவிரலில் இருந்த பிளாஸ்டரைத் தடவினார்.

"உண்மையாச் சொல்லு. நீ சுகமா இருக்கிறியோ?"

பதினொரு வருடத்துக்குப் பிறகு, ஒரு பகல் முழுக்கக் காத்திருந்து, அவர் கேட்க வந்த கேள்வி அது ஒன்றுதான். மேலே இருந்து யாரோ எங்களைப் பார்த்துக் கூப்பிட்டார்கள். என் இன்னொரு கையில் வடை டப்பா. அந்தப் பெண் பேனாவால் மேசையைத் தட்டினார். நான் என் அக்காவுக்குச் சொன்ன பதில் இதுதான்:

"ஓம், ஓம். ஓடுங்கோ."

அக்கா ஓடினார். பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு காலில் சப்பாத்தும் மற்றது கையிலுமாக. அத்தான் பின்னால் ஓடிக்கொண்டே திரும்பி எங்களைப் படம் எடுத்தார். கப்பல் போன பிறகும் நான் டப்பாவோடு அங்கேயே நின்றேன். வசந்தி வந்து டப்பாவை என் கையில் இருந்து வாங்கிக் காரில் வைத்தார்.

அந்தச் சாப்பாட்டை நாங்கள் இருவரும் ஒரு கிழமை, ஏழு நாளும், சாப்பிட்டோம். டப்பாக்களைக் கழுவித் திருப்பிக் கொடுக்கப் போனபோது ஒவ்வொரு வீட்டிலும், அக்கா சாப்பிட்டவவோ என்று கேட்டார்கள். கப்பலில் எல்லோருக்கும் பகிர்ந்து கொடுத்தவவாம், கப்டன் கட்லட் செய்முறை கேட்டவராம் என்று சொன்னேன். பொய் சொல்லத் தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியாது என்பதற்கு அது இன்னொரு சாட்சி. ராசன் அண்ணையின் மனைவி இன்றும் அந்தக் கப்டனைப் பற்றிப் பெருமையாகச் சொல்கிறார்.

அத்தான் ரொறன்ரோவில் படங்களைக் கழுவி ஆல்பம் போட்டார். நியூசிலாந்து என்று எழுதிய பக்கங்களில் ஐந்து சோபாக்கள் இருக்கின்றன. பச்சை, பிரவுன், பூப்போட்டது, தோல், மறுபடியும் பிரவுன். அதைப் பார்த்த அத்தானின் அம்மா, நல்ல நாடாத்தான் இருக்கு, ஆனால் வெளியிலே போக விடமாட்டினமோ என்று கேட்டாராம்.

அந்தக் கிழமையே அக்காவுக்கு எழுதினேன். பாக்டரி, அலுமினியம், சான்றிதழ், சிவத்துக்கு நான் சொல்லி வைத்தது, எப்சமைத் தெரிவு செய்தது ஏன், எல்லாம். ஆறு பக்கம். அக்காவிடம் இருந்து பதில் வந்தது. தான் சிவம் வீட்டுச் சோற்றோடு விளங்கிக்கொண்டதாகவும், யாருக்கும் பாலம் என்று இனிச் சொல்வதில்லை என்றும் எழுதியிருந்தார். கடைசி வரி: கைக்கு உறை போட்டு வேலை செய். நான் அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு அழுதேன். இரண்டு வருடம் கழித்து எனக்கு என்ஜினியர் வேலை கிடைத்தபோது அக்காவுக்குத்தான் முதலில் போன் எடுத்தேன். உண்மையாவோ என்று மூன்று முறை கேட்டார். குற்றம் சொல்ல முடியாது.

அக்கா இன்னும் திரும்பி வரவில்லை. இரண்டு முறை வெளிக்கிட்டு இரண்டு முறையும் ஏதோ தடை. ஆனால் நான் சொன்ன பதில் கண்டம் தாண்டிப் போய்விட்டது. அத்தான் அதைக் கல்யாண வீடுகளில் நடித்துக் காட்டினார். அவருடைய பிள்ளைகளுக்குத் தமிழில் நூறு சொல் தெரிந்தால் அதில் மூன்று சொல் ஓம், ஓம், ஓடுங்கோ. எங்கள் குடும்பத்தில் யாராவது, எப்படி இருக்கிறாய் என்று கேட்டு, மற்றவர் சட்டென்று நல்லா இருக்கிறன் என்று சொன்னால், கேட்டவர் விடமாட்டார். ஓம் ஓம் ஓடுங்கோவோ என்று திருப்பிக் கேட்பார். அப்படிக் கேட்ட பிறகு பொய் சொல்லக் கூடாது. இதை யாரும் சட்டமாகப் போடவில்லை, தானாக வந்தது. அக்காவுக்கு நெஞ்சு ஒபரேஷன் என்பது எங்களுக்குத் தெரியவந்தது இப்படித்தான். சிரித்துக்கொண்டு கேட்டேன். அவர், இல்லையடா, சுகமில்லை என்றார்.

போன மாதம் என் மகள் வெலிங்டனில் இருந்து போன் எடுத்தாள். முதல் வேலை, தனி அறை. எல்லாவற்றையும் ஆங்கிலத்தில்தான் சொல்வாள். வேலை நல்லது, சாப்பாடு நல்லது, ஆட்கள் நல்லவர்கள், எல்லாம் சரி அப்பா, நான் போக வேண்டும் என்று கடகடவென்று ஒப்புவித்தாள். அன்று துறைமுகத்தில் நான் பொய் சொன்ன அதே வேகம்.

"ஓம் ஓம் ஓடுங்கோவோ, பிள்ளை?" என்று கேட்டேன்.

மறுபக்கத்தில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. வசந்தி அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். நான் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன், அவள் ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள்.